குடல் அழற்சி நோய்: உணவுச் சிகிச்சையும் கொழுப்பின் பயணமும்

குடல் அழற்சி நோய் என்ற பொதுப் பெயருக்குள் இரண்டு நோய்கள் அடங்கும். பெருங்குடல் புண் அழற்சி, பெருங்குடலின் உள்தோலை மட்டும் பிடிக்கும். குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரலாம். அது அதிகம் தங்குமிடம் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம். சீதமும் ரத்தமுமாக வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, காய்ச்சல், எடை இழப்பு, சிறு வயதில் வந்தால் வளர்ச்சித் தடை என்று இரண்டும் ஆளை வாட்டும். அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வயிற்று நோய் என்பதால் பழி முதலில் விழுந்தது சாப்பாட்டின் மீது, அதிலும் எண்ணெய், நெய், இறைச்சிக் கொழுப்பின் மீது. அந்தப் பழியில் எவ்வளவு உண்மை என்று தேடியதுதான் இந்த நோய்க்கான உணவுச் சிகிச்சையின் வரலாறு.

பெருங்குடல் புண் அழற்சியைத் தனி நோயாக முதலில் விவரித்தவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ், ஆண்டு 1859. 1913இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல், காசநோயை ஒத்திருந்தும் காசநோய்க் கிருமி அகப்படாத ஒரு குடல் நோயைப் பற்றி எழுதினார். நோய் பிடித்த குடல் விறைத்த விலாங்கு மீன் போல இருந்ததாக அவர் குறித்திருக்கிறார். ஆனால் பெயர் நிலைத்தது நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் குரோனுக்கு. 1932இல் அவரும் லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் இருவரும் 14 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, நோயின் இருப்பிடம் இலியத்தின் கடைக்கோடி என்று காட்டியது. அன்றைய மருத்துவர்கள் கையில் இருந்தவை கத்தி, படுக்கை ஓய்வு, நாரும் காரமும் கொழுப்பும் குறைத்த பத்தியம். பத்தியம் ஏன் சிலருக்கு உதவியது, ஏன் பலரை எலும்பும் தோலுமாக்கியது என்பதற்கு அப்போது யாரிடமும் விளக்கம் இல்லை.

விளக்கம் பித்தத்தில் இருந்தது. நாம் உண்ணும் கொழுப்பு தண்ணீரில் கரையாது. கணைய நீரில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி அதை உடைக்கும். கல்லீரலில் சுரக்கும் பித்த உப்புகள் உடைந்த துகள்களைச் சூழ்ந்து நீரில் மிதக்கவைத்துக் குடற்சுவருக்குக் கொண்டுசேர்க்கும். கொழுப்பு சிறுகுடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். வேலை முடிந்த பித்த உப்புகள் மட்டும் கீழே இறங்கி, இலியத்தை அடைந்ததும் சுமார் 95 சதவீதம் ரத்தத்துக்குத் திரும்பி மீண்டும் கல்லீரலை அடையும். உடலில் உள்ள சில கிராம் பித்த உப்பு இப்படி ஒரு நாளில் பல முறை சுற்றிவருகிறது. குரோன் நோய் குடியேறுவதும், அறுவை மருத்துவர் வெட்டி எடுப்பதும் பெரும்பாலும் அந்தத் திரும்பும் வாசலைத்தான்.

இதன் விளைவை அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன் ஹாஃப்மனும் ரைனர் போலியும். 1969க்கும் 1972க்கும் இடையே அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து, 100 சென்டிமீட்டர் என்ற ஓர் எல்லைக்கோடு மருத்துவ நூல்களுக்கு வந்தது. நீக்கப்பட்ட இலியத்தின் நீளம் அதற்குக் குறைவானால், பித்த உப்பு பெருங்குடலுக்குள் வழிந்து தண்ணீராகப் போகும். கல்லீரல் இழப்பை ஈடுகட்டிவிடுவதால் கொழுப்புச் செரிமானம் பெரிதாகக் கெடாது. பித்த உப்பைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் தூள் இவர்களுக்குப் பலன் தரும். 100 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டால் கல்லீரலால் ஈடுகொடுக்க முடியாது. பித்த உப்பின் கையிருப்பே வற்றி, உண்ட கொழுப்பு அப்படியே வெளியேறும். மலம் வெளிறி, பிசுபிசுத்து, நாற்றமெடுக்கும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு போய்விடும். இலியம் வழியாக மட்டுமே நுழையும் பி12உம் கிடைக்காது. கொலஸ்டிரமின் இவர்களுக்குக் கேடுதான் செய்யும். அறிகுறி இரண்டு பேருக்கும் வயிற்றுப்போக்கே என்றாலும் ஒருவருக்கான மருந்து மற்றவருக்கு ஆகாது என்று தெளிவானது, இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம்.

இரண்டாம் வகையினருக்குக் கைகொடுத்தது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (எம்சிடி). 8 முதல் 10 கார்பன் அணுக்கள் கொண்ட இந்தக் குட்டைக் கொழுப்பு அமிலங்களுக்குப் பித்தத்தின் துணை அவ்வளவாகத் தேவையில்லை; நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக்குள் போய்விடும். தேங்காய் எண்ணெயிலிருந்தும் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தும் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். பிரித்தெடுக்கிறார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். மருந்துக்கடையில் எம்சிடி எண்ணெய் என்று விற்பதும் செக்கில் ஆட்டி வருவதும் ஒன்றாகிவிடாது.

கொழுப்பு உறிஞ்சப்படாமல் போவதற்கு எதிர்பாராத இன்னொரு விலையும் உண்டு. கீரை, கொட்டை வகைகளில் உள்ள ஆக்சலேட்டைக் குடலில் இருக்கும் கால்சியம் சாதாரணமாகக் கட்டிப்போட்டு வெளியேற்றிவிடும். கொழுப்பு அமிலங்கள் தேங்கினால் கால்சியம் அவற்றோடு சேர்ந்து சோப்பாகிவிடுகிறது. கட்டவிழ்ந்த ஆக்சலேட் பெருங்குடல் வழியே ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். குடல் நோய்க்காரருக்குச் சிறுநீரகக் கல் வருவது இந்தச் சுற்றுவழியில்தான்.

உணவையே சிகிச்சையாக்கும் எண்ணம் வந்த வழி விசித்திரமானது: விண்வெளி ஆய்வு. நீண்ட பயணம் போகும் வீரருக்குக் குறைந்த எடையில், மலம் மிகக் குறைவாக உண்டாக்கும் உணவு வேண்டும் என்று அமெரிக்கர்கள் தேடினார்கள். அமினோ அமிலங்கள், குளுக்கோஸ், தாதுக்கள், வைட்டமின்கள், பெயருக்குக் கொஞ்சம் கொழுப்பு ஆகியவற்றைக் கலந்து மில்டன் வினிட்ஸ் குழு ஒரு திரவத்தை உருவாக்கியது. கலிபோர்னியாச் சிறையில் முன்வந்த கைதிகள் 19 வாரம் அதை மட்டுமே குடித்து நலமாக இருந்த செய்தி 1965இல் 'நேச்சர்' இதழில் வந்தது. விண்வெளிக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. அறுவைக் கூடங்கள் எடுத்துக்கொண்டன. 1973இல் கனடாவின் ஆலன் வாய்ட்க் குழு, அறுவைக்கு முன் உடலைத் தேற்ற இந்த அடிப்படைக்கூற்று உணவைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்தது. சிலருக்கு உடல் தேறியதோடு நோயும் தணிந்துவிட்டது.

அது தற்செயலா, சிகிச்சையா என்ற கேள்விக்கு விடை 1984இல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையிலிருந்து வந்தது. கோம் ஓமோரென் குழு, நோய் முற்றிய 21 குரோன் நோயாளிகளில் 11 பேருக்கு நான்கு வாரம் இந்தத் திரவ உணவு மட்டும் கொடுத்தது; 10 பேருக்கு அந்நாளின் தலையாய மருந்தான பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு. திரவம் குடித்தவர்கள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு எந்த வகையிலும் பின்தங்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் மாத்திரை ஏதும் இல்லாமல், உணவை மாற்றியே குடல் அழற்சியை அடக்கலாம் என்று முறையான ஒப்பீட்டில் தெரிந்தது அப்போதுதான்.

இதே காலத்தில், குடலுக்கு முழு ஓய்வு கொடுத்து ஊட்டம் அனைத்தையும் சிரை வழியே ஏற்றும் முறையும் பரவியது. பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் பீகிள் நாய்க்குட்டிகளைச் சிரை ஊட்டத்தாலேயே வளர்த்துக் காட்டியிருந்தார். சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயையும் முட்டைக்கருவின் பாஸ்போலிப்பிடையும் கொண்டு இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புப் பால்மத்தை 1960களின் தொடக்கத்திலேயே உருவாக்கியிருந்தார். அமெரிக்காவில் அது தாமதமாகவே அனுமதிக்கப்பட்டது. அதுவரை கொழுப்பே இல்லாமல் சிரை ஊட்டம் பெற்ற நோயாளிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது. அத்தியாவசியக் கொழுப்பு அமிலம் இல்லாமல் மனித உடல் தாக்குப்பிடிக்காது என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை.

சிரை ஊட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து டொரண்டோவில் பணியாற்றிய குர்ஷித் ஜீஜீபாய். குடலை இழந்த ஒரு பெண்ணை 1970இல் சிரை ஊட்டத்துடன் வீட்டுக்கே அனுப்பிவைத்தவர் அவர். குரோன் நோய்க்குக் குடல் ஓய்வு அவசியமா என்று சோதித்த 1988ஆம் ஆண்டு ஆய்விலும் அவர் பங்கு உண்டு. 51 நோயாளிகளில் சிலருக்குச் சிரை ஊட்டம் மட்டும், சிலருக்கு மூக்குக் குழாய் வழியே முழுப்புரதத் திரவம், மற்றவர்களுக்குச் சாதாரணச் சாப்பாட்டோடு பகுதிச் சிரை ஊட்டம். நோய் அடங்கியவர்கள் முறையே 71, 58, 60 சதவீதம். புள்ளியியல் கணக்கில் வேறுபாடு இல்லை. குடலைப் பட்டினி போடுவதால் தனிப் பலன் ஏதும் இல்லை என்று அந்தத் துறையை வளர்த்தவர்களே நாணயமாக அறிவித்தார்கள்.

அப்படியானால் திரவ உணவில் வேலை செய்வது எது? உணவுப் புரதத்துக்கு உடல் எதிர்ப்புக் காட்டுகிறது, அமினோ அமிலமாகக் கொடுத்தால் எதிர்ப்பு அடங்குகிறது என்று முதலில் நினைத்தார்கள். பால் புரதம் முழுதாகச் சேர்த்த மலிவான, குடிக்கக்கூடிய திரவங்களும் ஏறக்குறைய அதே பலனைத் தரவே அந்த விளக்கம் தளர்ந்தது. சந்தேகம் கொழுப்பின் பக்கம் திரும்பியது.

ததாவோ பம்பா தலைமையிலான ஜப்பானியக் குழு 2003இல் நேரடியாகச் சோதித்தது. உணவு ஒன்றே, அதில் சேர்க்கும் நீள்சங்கிலிக் கொழுப்பின் அளவு மட்டும் நாளுக்கு 3, 16.5, 30 கிராம் என மாறியது. நான்கு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் 80, 40, 25 சதவீதம். படிக்கட்டாக இறங்கும் இந்த எண்களைப் பார்த்தால் வழக்கு முடிந்தது போலத் தோன்றும். முடியவில்லை. லிவர்பூலில் 2001இல் கொழுப்பு குறைந்த திரவத்தையும் மிகுந்த திரவத்தையும் ஒப்பிட்டபோது பலனில் வேறுபாடே தெரியவில்லை. பார்சிலோனாவை அடுத்த படலோனாவின் மிக்கேல் கசுல் 2002இல் வேறு கேள்வி கேட்டார்: அளவு ஒன்றாக இருக்கட்டும், வகை மாறினால்? ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஓலிக் அமிலம் நிறைந்த திரவத்தில் 20 சதவீதத்தினரே தேறினார்கள். லினோலிக் அமிலம் கூடிய திரவத்தில் 52 சதவீதம். ஸ்டீராய்டில் 79 சதவீதம். நல்ல எண்ணெய் என்று உலகமே கொண்டாடும் கொழுப்பு இங்கே தோற்றது. எத்தனை கிராம் என்ற கேள்வி மட்டும் போதாது என்பதை இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் உணர முடிகிறது.

ஜப்பானியர்கள் பம்பாவின் பக்கமே நின்றார்கள். அங்கே அஜினோமோட்டோ நிறுவனம் உருவாக்கிய எலென்டல் என்ற அமினோ அமிலத் தூள் 1981 முதல் மருந்தாகவே விற்பனையாகிறது. 80 கிராம் பொட்டலம் ஒன்றில் 300 கலோரி இருக்கிறது; கொழுப்பு அரை கிராம்தான். வெதுவெதுப்பான நீரில் கலக்கிக் குடிக்கும்போது அமினோ அமிலத்தின் நெடி தொண்டையைப் பிடிக்கும். அதை மறைக்க காபி, உமே புளிப்புப்பழம், சூப் என்று பல சுவைத் தூள்கள் உண்டு. முடியாதவர்கள் இரவில் மூக்குக் குழாயைத் தாங்களே செருகிக்கொண்டு தூங்குவார்கள். நீண்ட காலம் இதையே நம்பியிருப்பவர்களுக்குக் கொழுப்புப் பால்மத்தைச் சிரையில் ஏற்றிக் குறையைச் சரிக்கட்டுகிறார்கள். வாழ்நாள் முழுதும் சாப்பாட்டை மறப்பது யாராலும் ஆகாது என்பதால், செண்டாயின் தொஹோக்கு பல்கலைக்கழகம் பாதி வழியைச் சோதித்தது: நாளின் கலோரியில் பாதி எலென்டல், பாதி விரும்பிய உணவு. 2006இல் வெளியான முடிவின்படி, 51 பேரில் பாதித் திரவம் எடுத்தவர்களில் 34.6 சதவீதத்தினருக்கும், விரும்பியதை மட்டும் சாப்பிட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. நோயாளியின் நாக்கையும் மதித்த சிகிச்சை என்பதால் இதற்குத் தனி மரியாதை உண்டு.

நோய் வருவதற்கே கொழுப்பு காரணமா என்பது வேறு கேள்வி. ஜப்பானில் 1966 முதல் 1985 வரை குரோன் நோய் ஏறிய வேகமும், விலங்குப் புரதமும் ஒமேகா-6 கொழுப்பும் உணவில் ஏறிய வேகமும் ஒத்துப்போவதை 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐரோப்பாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வில், லினோலிக் அமிலத்தை அதிகம் உண்டவர்களுக்குப் பெருங்குடல் புண் அழற்சி வரும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்காக இருந்தது. கசுலின் ஆய்வில் நோயைத் தணிக்க உதவியதும் இதே லினோலிக் அமிலம்தான். வராமல் காப்பதும் வந்ததை அடக்குவதும் ஒரே கணக்கில் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மீன் எண்ணெயின் கதை சோகமானது. இத்தாலியின் பொலோனாவில் ஆண்ட்ரியா பெலுட்சி, குடலில் போய்க் கரையும் உறையிட்ட மீன் எண்ணெய்க் குளிகைகளை 78 பேரைக் கொண்டு சோதித்தார். ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 59 சதவீதம். வெற்றுக் குளிகை எடுத்தவர்களில் 26 சதவீதம். 1996இல் முடிவு வெளிவந்ததும் நம்பிக்கை பொங்கியது. 2008இல் எழுநூறுக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த எபிக்-1, எபிக்-2 ஆய்வுகள் அதைத் தரைமட்டமாக்கின: முதல் ஆய்வில் நோய் திரும்பியவர்கள் மீன் எண்ணெயில் 31.6, வெற்றுக் குளிகையில் 35.7 சதவீதம்; இரண்டாவதில் முறையே 47.8, 48.8 சதவீதம். மருந்துக்கும் வெற்றுக் குளிகைக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

கொழுப்பு நேரடியாகக் குடலைத் தாக்காமல், நுண்ணுயிர்களின் வழியே வேலை செய்யலாம் என்று காட்டியது 2012ஆம் ஆண்டின் சிகாகோ ஆய்வு. சுசான் தேவ்கோட்டாவும் யூஜின் சாங்கும், குடல் அழற்சி வரும் மரபுள்ள எலிகளுக்குப் பால் கொழுப்பு கொடுத்தார்கள். அதைச் செரிக்கக் கல்லீரல் டாரின் சேர்ந்த பித்த அமிலத்தைக் கூடுதலாகச் சுரந்தது; டாரினில் உள்ள கந்தகத்தைக் கொண்டு பைலோஃபிலா வாட்ஸ்வொர்த்தியா என்ற நுண்ணுயிர் பெருகியது; அழற்சி மூண்டது. கொழுப்பு, பித்தம், நுண்ணுயிர் மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகத் தெரிந்தன. எலிகளில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது என்றாலும், அதன் பிறகு பால் கொழுப்பை யாரும் பழைய கண்ணால் பார்க்கவில்லை.

குடலுக்கு வெளியேயும் கொழுப்பு உண்டு. குரோன் நோயாளியின் வயிற்றைத் திறக்கும் அறுவை மருத்துவர் முதலில் காண்பது, குடல்தாங்கியிலிருந்து மஞ்சளாக ஊர்ந்துவந்து நோய்பட்ட குடலைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் கொழுப்பைத்தான். எங்கே வெட்டுவது என்று அதை வைத்தே முடிவு செய்வார்கள். உடலெங்கும் சதை கரைந்த நோயாளிக்குக் குடலில் மட்டும் கொழுப்பு ஏன் வளர்கிறது? லாஸ் ஏஞ்சலிஸ் சீடார்ஸ்-சினாயிலிருந்து தேவ்கோட்டா குழு 2020இல் ஒரு விடை தந்தது. அந்தக் கொழுப்பினுள் குளோஸ்ட்ரிடியம் இன்னாக்குவம் என்ற குடல் நுண்ணுயிர் உயிரோடு இருந்தது. கசிந்து வரும் கிருமிகள் மேலே பரவாதபடி மறிக்கவே கொழுப்பு திரள்கிறது என்பது அவர்கள் கருத்து. அயர்லாந்தின் கால்வின் காஃபி, குடலோடு குடல்தாங்கியையும் சேர்த்து நீக்கினால் மறு அறுவை வெகுவாகக் குறைவதாக 2018இல் அறிவித்தார். ஆனால் 2024இல் வெளியான ஸ்பைசி ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை.

குழந்தைகளிடம் உணவுச் சிகிச்சை பெற்ற வெற்றிக்கு இத்தகைய ஐயங்கள் இல்லை. ஸ்டீராய்டு வளர்ச்சியை முடக்கும்; திரவ உணவு வளர்க்கும். ரோமில் 2006இல் 37 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், குடற்சுவர் ஆறியவர்கள் திரவ உணவில் 74 சதவீதம், ஸ்டீராய்டில் 33 சதவீதம். 2014இல் ஐரோப்பிய வழிகாட்டுதல், குரோன் நோய் கண்ட பிள்ளைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ உணவு மட்டும் என்பதை முதல் சிகிச்சையாக்கியது. பள்ளி செல்லும் பிள்ளை இரண்டு மாதம் இட்லியோ ரொட்டியோ வாயில் வைக்காமல் இருப்பது எத்தனை பெரிய காரியம் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். இஸ்ரேலின் ஹோலோன் நகர மருத்துவர் ஆரி லெவின் அதற்கு மாற்று வகுத்தார்: பால் கொழுப்பு, கொழுப்பு மிகுந்த இறைச்சி, பால்மமாக்கிகள், டப்பா உணவு ஆகியவற்றை விலக்கி, கோழி நெஞ்சுக்கறி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள், சோறு ஆகியவற்றோடு பாதித் திரவம். 2019இல் வெளிவந்த முடிவில், 12ஆம் வாரம் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் இதில் 75.6 சதவீதம், முதலில் முழுத் திரவத்தில் இருந்தவர்களில் 45.1 சதவீதம். அதே ஆண்டு கிளாஸ்கோவில் கான்ஸ்டான்டினோஸ் கெராசிமிடிஸ் குழு, திரவ உணவு நுண்ணுயிர்களிடம் செய்யும் மாற்றத்தை வீட்டுச் சமையலைக் கொண்டே உண்டாக்க முடியும் என்று காட்டியது.

பெருங்குடலுக்கு வேண்டிய கொழுப்போ வாய் வழியாக வருவதே இல்லை. நார்ச்சத்தையும் செரிக்காத மாவுச்சத்தையும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலமே பெருங்குடல் உள்தோலின் முதன்மை எரிபொருள். பெருங்குடல் புண் அழற்சியில் உள்தோல் செல்கள் அதை எரிக்கத் தடுமாறுவதை ரோடிகர் என்ற ஆய்வாளர் 1980இல் கண்டு, இது ஆற்றல் பற்றாக்குறை நோயோ என்று கேட்டார். பியூட்டிரேட்டை எனிமாவாகக் கொடுத்த முதல் ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பெரிய ஆய்வுகள் ஏமாற்றின. ஆயினும் குறுஞ்சங்கிலி அமிலங்கள் பெருங்குடலில் உப்பையும் நீரையும் உறிஞ்சவைக்கும் ஆற்றல் மெய்யானது. வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழு, செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்த உப்பு-சர்க்கரைக் கரைசல் காலராவின் வயிற்றுப்போக்கைக் குறைப்பதை 2000ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியது அதன் அடிப்படையில்தான்.

கொழுப்பைக் குறைப்பதை விஞ்ஞானமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மயாமியில் மரியா அப்ரேயு குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். பெருங்குடல் புண் அழற்சி உள்ள 17 பேருக்குச் சமைத்த உணவை வீட்டுக்கே அனுப்பினார்கள்: நான்கு வாரம் கலோரியில் 10 சதவீதம் மட்டும் கொழுப்பு, நான்கு வாரம் 35 முதல் 40 சதவீதம். கொழுப்பு குறைந்த வாரங்களில் ரத்தத்தில் அழற்சிக் குறியீடு இறங்கியது; இரண்டு உணவிலும் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. சமைத்துக் கொடுத்து, கலோரி குறையாமல் பார்த்து, கொழுப்பைக் குறைத்த ஆய்வு இது. எண்ணெய் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பப்படும் நோயாளிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. கிராமுக்கு 9 கலோரி தரும் பொருளை நிறுத்திவிட்டு அந்த இடத்தை நிரப்பாவிட்டால், ஏற்கெனவே இளைத்த உடல் இன்னும் இளைக்கும். எவ்வளவு இலியம் மிஞ்சியிருக்கிறது, குடலில் அடைப்பு உண்டா, எடை என்ன, வைட்டமின் டி-யும் பி12-உம் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே கொழுப்பின் மேல் கைவைக்க வேண்டும்.

இந்தியாவில் குரோனைவிடப் பெருங்குடல் புண் அழற்சிதான் நெடுங்காலம் அதிகம் காணப்பட்டது. டெல்லி எய்ம்ஸில் வினீத் அகுஜாவும் சௌரப் கேடியாவும் அதற்கே உணவுச் சிகிச்சையைக் கொண்டுவந்தார்கள். நோய் திடீரென முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 62 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டோடு ஏழு நாள் திரவ உணவு மட்டும் தந்தார்கள். ஸ்டீராய்டு பலிக்காதவர்கள் அவர்களில் 25 சதவீதம். வழக்கமான சாப்பாடு உண்டவர்களில் 43 சதவீதம். வேறுபாடு புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. 2024இல் இதே குழு இளநீரைச் சோதித்தது. நாளுக்கு 400 மில்லி வீதம் எட்டு வாரம் குடித்த, நோய் மிதமாக இருந்தவர்களில் 53.1 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. வேறு பானம் குடித்தவர்களில் 28.3 சதவீதத்தினருக்கு. பங்கேற்ற யாரும் தங்கள் மருந்தை நிறுத்தவில்லை. இளநீர் அதனுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது.